கூவாகத்தில் அழுத கண்ணன்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகத்தில் கூத்தாண்டவராக வணங்கப்படுபவர், அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான். சித்திரைப் பெருவிழாவில் தாலி கட்டும் நாளன்று அங்கே சென்றிருந்தேன். அரவானின் மனைவியராகப் பூசாரியின் கையால் மஞ்சள் கயிறு ஏற்கக் காத்திருந்த திருநங்கையரோடு, நேர்த்திக்கடனுக்காகத் தாலி கட்டிக்கொள்ள வந்த உள்ளூர் ஆண்களும் நெருக்கியடித்து நின்றிருந்தனர்.

பாண்டவர் வெல்வதற்கு 32 இலட்சணங்களும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டியிருந்தது. கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவரே அதற்குத் தகுதியானவர்கள்; முதலிருவரை இழந்தால் போரே இல்லை என்பதால், அதுவரை யாரும் பெரிதாக எண்ணியிராத நாககன்னியின் மகன் தலைமேல் அது விழுந்தது. மணமாகாமல் சாக மாட்டேன் என்று அவன் வரம் கேட்க, மறுநாளே தாலியறுக்க எந்தப் பெண்ணும் இசையாததால், கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது இத்தலத்துக் கதை.

வியாச பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான். வீழ்ந்த எண்ணற்றவர்களில் அவனும் ஒருவன், அவ்வளவுதான். வில்லிபாரதம் உள்ளிட்ட தமிழ் மரபோ அவனைப் போருக்கு முன்பே பலிபீடத்தில் நிறுத்துகிறது. அந்த வரிசைப்படி பார்த்தால், பாட்டனையும் ஆசானையும் எப்படிக் கொல்வேன் என்று தேர்த்தட்டில் சோர்ந்து அமர்ந்த அருச்சுனன், தன் மகனை ஏற்கெனவே கொடுத்துவிட்டவன். அவன் கலக்கத்தைத் தீர்க்கக் கீதையின் 18 அத்தியாயங்கள் சொல்லப்பட்டன. அரவானுக்கு அருகில் அமர்ந்து யாரும் ஒரு சுலோகமும் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் தேர் அழுகளம் நோக்கி நகர்ந்தது. பெரிய மீசையும் உருட்டி விழித்த கண்களுமாக அரவானின் மரத்தலை கூட்டத்துக்கு மேலே அசைந்து சென்றது. பிறகு பூசாரிகள் தாலிக்கயிறுகளை அறுக்க, கை வளையல்கள் உடைபட, முந்தைய இரவு பட்டுடுத்தி மல்லிகை சூடியிருந்தவர்கள் வட்டமாக அமர்ந்து மார்பில் அறைந்துகொண்டு ஒப்பாரி வைத்தனர். சிலர் வெள்ளைச் சேலைக்கு மாறியிருந்தனர். இது வெறும் சடங்கழுகை என்று கருதுவோர் அருகில் நின்று அந்தக் குரலைக் கேட்டதில்லை என்றே சொல்வேன்.

இறந்தவருக்காகவோ இருப்பவருக்காகவோ ஞானிகள் வருந்துவதில்லை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் சொல்பவனும் இதே கண்ணன்தான். ஆன்மா அழியாதது என்ற உபதேசத்தைக் கூவாகம் மறுக்கவில்லை. ஆனால் பலியைத் தேர்ந்தவனையே பலியானவனின் கைம்பெண்ணாக்கி அழவைத்த பிறகுதான் போரைத் தொடங்க விடுகிறது. பெற்ற தந்தையான அருச்சுனனுக்கு அந்த அழுகளத்தில் இடமே இல்லை.