கார்பன் பேப்பரும் எட்டு கிராம் தண்ணீரும்: காரைக்குடி ஆய்வக நாட்குறிப்பு

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். காற்றில் ஈரம் இருப்பது இன்றைய வேலைக்குத் தோதுதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மின்சாரமும் தண்ணீரும் தரும் ஃபியூயல் செல்லுக்குள் வைக்கும் கார்பன் இழைத் தாள்தான் இந்தக் கார்பன் பேப்பர்; தண்ணீர் ஒட்டாமலிருக்க அதற்கு டெஃப்லான் ஏற்றுகிறோம். டெஃப்லான் கரைசலில் நனைத்தெடுத்த பேப்பரை அவசரமாகக் காயவைத்தால், வெளியேறும் தண்ணீர் டெஃப்லானையும் மேற்பரப்புக்கு இழுத்துவந்துவிடும்; நடுவில் வெறும் கார்பன்தான் மிஞ்சும். மெதுவாகக் காய்ந்தால்தான் உள்ளேயும் சீராகப் படியும்.

பேப்பர் 190 மைக்ரான் கனம். அதில் 78 சதவீதம் வெறும் துளைகள். 5-க்கு 5 செ.மீ. துண்டு கால் கிராம்கூட இல்லை. பத்து சதவீத டெஃப்லானுக்கு ஏறவேண்டியது 20 மில்லிகிராம் சொச்சம். ஃபேனை நிறுத்தி, தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, கடைசி இலக்கம் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்தேன்.

அக்டோபர் 15, புதன்

ஃபர்னஸ் 350 டிகிரி. டெஃப்லான் 327-க்கு மேல்தான் உருகி இழைகளைப் பற்றும். ஆறியபின் ஒரு சொட்டு நீர் விட்டேன். முத்தாக நின்றது, லேசாகச் சாய்த்ததும் தடம் வைக்காமல் ஓடிவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

புதிதாகச் சேர்ந்த தேவகோட்டைப் பெண் கேட்டாள்: "அண்ணா, தண்ணி தங்கக் கூடாதுன்னா டெஃப்லானைக் கூட்டிப் போட்டுட வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. எங்கள் செல் 25 சதுர செ.மீ. சதுர செ.மீ.-க்கு ஒரு ஆம்பியர் ஓடினால் மணிக்கு எட்டு கிராமுக்கு மேல் தண்ணீர் பிறக்கும். அது வெளியேற வேண்டிய அதே துளைகள் வழியாகத்தான் ஆக்சிஜனும் உள்ளே போகவேண்டும். டெஃப்லான் கூடினால் துளை அடைபடும். அது மின்சாரத்தையும் கடத்தாது. தண்ணீர் முழுக்கப் போய்விட்டாலோ, செல்லின் நடுவே புரோட்டானைக் கடத்தும் மெல்லிய படலமான மெம்பிரேன் காய்ந்து, புரோட்டான் நகராது. "அளவாப் போடணும்மா, அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடு" என்றேன்.

ஃபியூயல் செல் என்றாலே வினையூக்கியான பிளாட்டினத்தைப் பற்றித்தான் பேச்சு. எவ்வளவு நல்ல பிளாட்டினமும் வெள்ளத்தில் மூழ்கினால் சும்மா கிடக்கும் உலோகம்தான்.

இந்த ஆராய்ச்சிக்குக் காரைக்குடியில் என்ன இருக்கிறது என்று அவள் அப்பா கேட்டாராம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953 பொங்கல் வாக்கில் இங்கே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறந்த கதையைச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு அது தெரியவேண்டும்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்து திரும்பியாயிற்று. ஒரே பேப்பர், இரண்டு கேஸ்கெட் (செல்லின் ஓரத்தில் கசிவைத் தடுக்கும் சட்டம்; அதன் கனம்தான் பேப்பர் எவ்வளவு அமுங்கும் என்பதைத் தீர்மானிக்கும்): ஒன்று பேப்பரை 130 மைக்ரானுக்கு அமுக்கும், மற்றது 150-க்கு.

முதலில் 130. சதுர செ.மீ.-க்கு ஒரு ஆம்பியர் என்று ஏற்றியதும் வோல்டேஜ் மெல்லச் சரிந்து, சட்டென்று எழுந்து, மறுபடி சரிந்தது. தண்ணீர் தேங்குவதும், காற்றோட்டம் அதைத் தள்ளுவதும் திரையில் அப்படியே தெரிந்தது. காற்று ஓடப் பள்ளம் வெட்டிய பிளேட்டின் மேடு அழுத்தும் இடத்தில் பேப்பர் நசுங்கி வழி குறுகியிருக்கிறது. பள்ளத்துக்கு நேரே பிதுங்கிக் காற்றையும் மறிக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

150. பேப்பரும் பிளேட்டும் தொடும் இடத்து மின்தடை கொஞ்சம் ஏறிவிட்டது, எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே ஒரு ஆம்பியரில் கோடு நேராகப் போகிறது. எனக்கு இதுவே வேண்டும். அந்த மின்தடையை வேறு வகையில் குறைக்கலாம். எவ்வளவு அமுக்கினார்கள் என்று சொல்லாமல் டெஃப்லான் சதவீதத்தை மட்டும் எழுதும் அறிக்கைகளை இனி நான் நம்பப்போவதில்லை.

திங்கட்கிழமை பேப்பர்மேல் கார்பன் பொடிப் பூச்சு. அது காயும்போது விரிசல் விடும். விரிசலின் அகலத்தை மைக்ரோஸ்கோப்பில் அளந்துவிட்டுத்தான் செல் கட்டவேண்டும்.