இறக்கம் பார்த்து நின்ற ஜீப்

"உங்கள் பட்டறைக்கு வந்தால் மட்டும் ஒழுங்காக எடுக்கிறது, தம்பி. என் வீட்டு வாசலில்தான் படுத்துக்கொள்கிறது" என்று ஜீப்காரர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாவியைத் திருப்பினேன். இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் முழு வேகத்தில் சுற்றி, இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. அவர் முகம் சுருங்கிப்போனது. தன் பேச்சை நான் நம்பவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

வால்பாறையில் நான் பட்டறை தொடங்கிய இரண்டாம் ஆண்டு அது. அவருடையது இருபது வயதைத் தாண்டிய டீசல் ஜீப், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகை. எஸ்டேட் மண்பாதையில் ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் ஏற்றிப் பிழைப்பு நடத்தினார். இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து மருத்துவமனைக்குப் போக அந்த ஒரு வண்டிதான். பொள்ளாச்சி வரை போவதென்றால் ஆழியாறுக்கு இறங்குவதற்குள் 40 கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப்பட்ட வண்டி கிளம்புமா கிளம்பாதா என்ற சந்தேகத்தோடு ஒரு மனிதர் தூங்கப் போகக் கூடாது.

அதற்கு முன் இரண்டு முறை நான் வைத்தியம் பார்த்திருந்தேன். முதலில் பேட்டரி. அளந்தபோது சார்ஜ் குறைவாக இருந்தது, வயதும் ஆகியிருந்தது, மாற்றச் சொன்னேன். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பழைய கதை. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உள்ளே தேய்ந்துபோகும் கார்பன் கட்டைகளை மாற்றி, மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சாலினாய்டையும் புதிதாகப் போட்டேன். அது பத்து நாள் தாங்கியது. இரண்டு செலவும் அவருடையது.

மூன்றாவது முறை சாவியைத் திருப்பிக் காட்டிவிட்டு அவரை அனுப்பியிருப்பேன். மழை பிடித்துக்கொண்டதால் அவர் உட்கார்ந்துவிட்டார். தேநீர் குடித்தபடி, தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள் அண்ணா என்றேன். அன்றுதான் அவர் பேச்சை இடைமறிக்காமல் கேட்டேன்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருமாம். தள்ளிவிட்டு கியரில் போட்டால் கிளம்பிவிடுமாம். ஆனால் சிறிது நேரம் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு இருமுமாம். ஹெட்லைட் மங்குகிறதா என்று கேட்டேன். "இல்லையே, பளிச்சென்றுதான் எரிகிறது" என்றார். எழுந்து போகும்போது, இதற்குச் சம்பந்தம் இல்லாததுபோல் இன்னொன்றும் சொன்னார்: இன்ஜினை நிறுத்த இழுக்கும் கேபிள் ஒரு மாதமாக இறுக்கமாகிவிட்டது, அதையும் ஒருநாள் பார்த்துவிடுங்கள்.

பழைய டீசல் இன்ஜினின் பெரிய குணம், ஓடுவதற்கு அதற்கு மின்சாரம் தேவையில்லை என்பது. பம்ப் இயந்திர விசையால் டீசலை அனுப்புகிறது. அழுத்தத்தில் சூடான காற்று அதைப் பற்ற வைக்கிறது. தள்ளினால் கிளம்புகிறது என்றால் ஃபில்டர், பம்ப், கம்ப்ரஷன் எல்லாம் நலம். டீசல் லைனில் ஏர் பிடிக்கவும் இல்லை. ஹெட்லைட் மங்காததுதான் இன்னும் பெரிய சாட்சி. பேட்டரி செத்திருந்தாலோ, மோட்டார் இறுகியிருந்தாலோ சாவியைத் திருப்பியதும் விளக்கு சோர்ந்துவிடும். மங்கவில்லை என்றால் பேட்டரியிடமிருந்து யாரும் கரண்ட் வாங்கவே இல்லை என்று பொருள். வழியில் எங்கோ அடைப்பு. இதை நான் பேட்டரி விற்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் விடியும் முன்பே மீட்டரையும் ஜம்பர் கேபிளையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் நல்ல சரிவு. செல்ஃப் எடுக்காவிட்டால் உருட்டிக் கிளப்பலாம் என்று ஜீப்பை இறக்கம் பார்த்து நிறுத்தியிருந்தார். மலையில் எல்லோரும் செய்வதுதான். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு கம்பியையும், இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கில் மறு கம்பியையும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். டக். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடத்தில் 10 வோல்ட்டைத் தாண்டியது. பாசிட்டிவ் பக்கத்தை இரண்டு முறை அளந்திருந்த நான், கரண்ட் திரும்பி வரும் பாதையை ஒருமுறைகூட அளந்ததில்லை.

ஜம்பர் கேபிளால் பிளாக்கையும் நெகட்டிவ் முனையையும் இணைத்தேன். சாவியைத் திருப்பியதும் ஜீப் உறுமியது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். பேட்டரியின் நெகட்டிவ் போய்ச் சேர்வது சேஸிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்குகள் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் இடையே மின்சாரம் போக ஒரு பின்னல் எர்த் பட்டை உண்டு. கிளட்ச் கூட்டுக்கு அருகில் தொடங்கி, பின்னால் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் அது முடிந்தது. சேறு அப்பிய அந்த முனையில் இழைகள் ஏறக்குறைய எல்லாமே அறுந்திருந்தன. மவுண்டிங் ரப்பரும் தளர்ந்துபோயிருந்தது. சமதளத்தில் நின்றால் அறுந்த இழைகள் ஒன்றோடொன்று முட்டி வேலை செய்யும். முகம் கீழே பார்த்து நின்றால் இன்ஜின் ஒரு நூலளவு முன்னே சரியும், இழைகள் பிரியும். என் பட்டறைத் தரை சமம். அவர் பாதுகாப்புக்காகச் செய்த அதே காரியம்தான் வண்டியைப் படுக்க வைத்திருந்தது.

மற்றவையும் அங்கேயே விளங்கின. குளிர்ந்த இன்ஜினில் டீசல் பற்ற உதவும் ஹீட்டர் பிளக்குகளுக்கும் எர்த் அந்தப் பிளாக்தான். அவை சூடாகாததால் வெள்ளைப் புகை. பேட்டரியை நிரப்பும் டைனமோவின் கரண்டும் அதே பட்டை வழியாகத்தான் வர வேண்டும். அதனால்தான் பேட்டரி அரைகுறையாக நிறைந்து, கெட்டதுபோல் என் மீட்டரில் தெரிந்தது. பட்டை கைவிட்டபோது கரண்ட் கிடைத்த வழியில் பாய்ந்திருக்கிறது: இன்ஜினை நிறுத்தும் கேபிளின் இரும்பு உறை வழியாக. அது சூடாகி உள்ளே பிளாஸ்டிக் உருகி இறுகிவிட்டது. அவர் போகிற போக்கில் சொன்ன அந்த வார்த்தைதான் விடையே.

பிறகு பட்டறைக்குக் கொண்டுவந்து, அந்தப் பட்டையைக் கழற்றும் முன் இணைப்பு அறுபடாமல் இருந்தால் மீட்டர் எழுப்பும் பீப் சத்தத்தை வைத்துப் பார்த்தேன். பீப் என்றது! ஒரே ஒரு இழை தொட்டாலும் அந்தச் சத்தம் வரும், ஏனென்றால் சோதனைக்கு மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். செல்ஃப் மோட்டார் கேட்பதோ 200, 300 ஆம்பியர். 250 ஆம்பியர் போகும் பாதையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே இரண்டரை வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் இந்த வேலையில் பீப்பை நான் இப்போது ஏற்பதில்லை. மோட்டார் சுற்றும்போது, பளு இருக்கும்போது, வோல்ட்டை அளந்தால்தான் நம்புகிறேன். என்னிடம் வேலை கற்கும் பையன்களிடமும் பிளஸ், மைனஸ் இரண்டையும் அளந்து தாளில் எழுதச் சொல்கிறேன். எழுதாமல் ஸ்பேனரை எடுத்தால் கோபப்படுகிறேன்.

சேஸிஸின் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளபளத்த பிறகு புதிய பட்டையைப் போட்டேன். பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜினுக்கு இன்னொரு தடித்த கேபிளும் கொடுத்தேன். மவுண்டிங் ரப்பரும் நிறுத்தும் கேபிளும் புதிது. முன்பு செல்ஃப் வேலைக்கென்று வாங்கிய கூலியை இந்தப் பொருள்களின் விலையில் கழித்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றார்; நான் விடவில்லை.

மாலையில் அவர் வீட்டுச் சரிவுக்கே போய், முகம் கீழே பார்க்க நிறுத்தி, பத்து முறை அணைத்து அணைத்துக் கிளப்பினோம். பத்தாவது முறையும் இன்ஜின் பிடித்ததும் அவர் கீழே இறங்கினார். முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.