கடைசிப் பாகத்தில் அவளுக்கு ஒரு வீடு

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு காதல் கதைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பெண்கள். இணையத்தில் எபி எபியாக, அதாவது அத்தியாயம் அத்தியாயமாக, ஓடி முடிந்த கதை, மின்நூலாகவோ அச்சாகவோ போகுமுன் எனக்கு வரும். ஒற்றுப்பிழை, ல ள ழ குழப்பம், முதல் பாகத்தில் இடது புருவத்தில் இருந்த தழும்பு மூன்றாம் பாகத்தில் வலது பக்கம் போனது என்று எல்லாவற்றையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். பணம் பக்கக் கணக்கில்.

இப்போது அதிகம் வருவது ஆன்டி ஹீரோ கதைகள். ஆங்கிலத்தில் டார்க் ரொமான்ஸ் என்கிறார்களே, அந்த வகை. பழிவாங்கக் கட்டிய தாலி, பூட்டிய பங்களா, பேச்செல்லாம் விஷம், படுக்கையறைக் காட்சிகள் தாராளம். முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் சுளிப்பதில்லை. இதைப் படிக்கிற பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுப் போன் வெளிச்சத்தில் படிப்பவர்கள். பயத்தையும் ஆசையையும் ஆபத்தில்லாத ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பிடிக்காவிட்டால் எந்தப் பக்கத்திலும் புத்தகத்தை மூடிவிடலாம். கதாநாயகிக்குத்தான் அந்த வசதி கிடையாது.

அதனால் ஒரு தொடரின் கடைசிப் பாகம் வந்தால் நான் மிகவும் நிதானமாக வாசிப்பேன். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் பொதுவாகக் காதல் கதைக்கு இரண்டே நிபந்தனைகள் சொல்கிறது: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். சாதாரணக் காதல் கதைக்கு இரண்டாவது பெரிய பாரமில்லை. முதல் பாகத்தில் அவளை அறையில் போட்டுப் பூட்டியவனோடு நான்காம் பாகத்தில் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று வாசகி நம்ப வேண்டுமென்றால், இடையில் நிறைய வேலை இருக்கிறது. பலர் அதைச் செய்வதில்லை. அவனுக்கு ஒரு விபத்து, ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழுகை, அப்புறம் வளைகாப்பு. அவன் உடம்பில் பட்ட காயத்தோடு அவள் கணக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது.

நான் எடுத்துச் செய்த நான்கு பாகத் தொடர் ஒன்றும் அப்படித்தான் முடியவிருந்தது.

ஒவ்வொரு தொடருக்கும் ஓர் அட்டவணை வைத்திருப்பேன். வயது, தழும்பு, காரின் நிறம், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். இந்த மாதிரிக் கதைகளுக்கு இன்னொரு நிரலும் போடுவேன்: அவளிடமிருந்து எடுத்தவை. இந்தத் தொடரில் அதில் இருந்தவை போன், வேலை, தோழியோடு பேச்சு, பட்டச் சான்றிதழ். கடைசிப் பாகத்தில் அவன் வைர அட்டிகை போடுகிறான், அவள் பெயரில் கம்பனி தொடங்குகிறான். சான்றிதழ் மட்டும் முதல் பாகத்தில் அவன் வைத்துப் பூட்டிய அதே அலமாரியில் கிடக்கிறது. அதை ஓரத்தில் குறித்து அனுப்பினேன். “ஐயோ அக்கா, நானே மறந்துட்டேன்” என்று குரல் பதிவு வந்தது.

சான்றிதழோடு நான் இன்னொன்றும் கேட்டேன். அது என் ஊர் கேட்க வைத்த கேள்வி. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. மகளுக்குச் சீதனமாக வீடு, உறுதி (வீட்டுப் பத்திரம்) அவள் பெயரில். அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் படும் பாடு பெரிய கொடுமை. உறுதி அவள் பெயரில் இருக்கிறது என்பதற்காக அவளுக்கு அடி விழாமல் இருப்பதும் இல்லை. ஆனாலும் சண்டை முற்றினால் சேர்ட்டைப் பையில் திணித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகிறவர் பெரும்பாலும் புருஷன்தான். என் மச்சாள் ஒருத்தி இந்தத் தொடரின் முதல் பாகத்தைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “மறுகா ஏன்கா அவள் அவன்ட வீட்டிலயே கிடக்கிறாள்? அவளுக்கெண்டு ஒரு வீடு இல்லையா?”

நான்கு பாகத்திலும் இல்லை. அந்த நிலையில் அவள் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் படுப்பது அதே கட்டிலில். போக இடமில்லாதவள் தங்கியதைக் காதல் என்று வாசகி எப்படி எடுத்துக்கொள்வாள்? சட்டத்தை நம்பிக் கதையை நகர்த்தவும் முடியாது. 1995 திருத்தத்துக்குப் பிறகும் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவை, நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து வாழும் மனைவி விஷயத்தில் மட்டும்தான் கணவன் செய்ததை வல்லுறவு என்று ஏற்கிறது. இந்தியச் சட்டத்திலும் கணவனுக்கு விலக்கு இருக்கிறது. சட்டம் கேட்காததைக் கதையாவது கேட்கட்டும் என்று நினைத்தேன்.

ஆகவே மன்னிப்புக்கு முன்னால் அவளைத் தனியாக ஓர் இடத்தில் குடிவையுங்கள், சாவி அவளிடம் இருக்கட்டும் என்று எழுதினேன். கதையை எழுதிய தங்கச்சி தயங்கினாள். பிரிவு வந்தால் வாசகிகள் எப்போது சேருவார்கள் என்று பிடுங்கி எடுப்பார்கள். அவள் பயம் நியாயமானது. ஆனாலும் எழுதினாள். கும்பகோணத்தில் ஒரு மாடி வீடு, பள்ளிக்கூட வேலை. அவன் வந்து மணி அடிக்கிறான், அவள் திறக்கவில்லை. அவன் சத்தம் போடாமல் திரும்பிப் போகிறான். சான்றிதழ் பதிவுத் தபாலில் வருகிறது, அதோடு கடிதம் எதுவும் இல்லை. கெஞ்சல் கடிதம் ஒன்று வைத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

படுக்கையறைக் காட்சியிலும் ஒரு வரி இடித்தது. ‘அவள் மறுப்பை இதழால் அடைத்தான்’ என்று நான்கு பாகத்திலும் வரும். முதல் பாகத்தில் அது அவன் யார் என்று காட்டியது. கடைசியிலும் அதே வரி என்றால் அவன் மாறவே இல்லை. கேட்டுவிட்டு முத்தமிட்டால் சூடு குறைந்துவிடும் என்றாள். திருத்தி வந்த பிரதியில் அவள் வீட்டில், அவள் திறந்த கதவுக்குள் நின்று, “இருக்கட்டுமா, போகட்டுமா?” என்று கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறாள். முழுத் தொடரிலும் எனக்கு மூச்சு முட்டிய பக்கம் அதுதான்.

கடைசிப் பாகம் என்று அட்டையில் போட்டாலும் இந்தத் தொடர்கள் லேசில் முடிவதில்லை. இ. எல். ஜேம்ஸின் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ மூன்றாம் பாகம் 2012இல் வந்தது; அதே கதையை நாயகன் வாயால் திரும்பச் சொல்லும் நூல்கள் 2015, 2017, 2021இல் வந்தன. ஆன் ரைஸ் வேறு பெயரில் 1983 முதல் 1985 வரை எழுதிய தூங்கும் அழகி நூல்கள் மூன்றுக்கு, நான்காவது 2015இல் வந்தது. அந்தத் தங்கச்சியும் இப்போது நாயகன் பக்கத்திலிருந்து எழுதப்போகிறாள். சரி, சான்றிதழை அலமாரியில் வைத்துப் பூட்டிய இரவை முதலில் எழுதி அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். அட்டவணையில் ‘அவளிடமிருந்து எடுத்தவை’ நிரலுக்குப் பக்கத்தில், எடுத்தபோது அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்களுக்கு ஒரு நிரல் சேர்த்துவிட்டேன்.