"என்னுது!"

இரண்டு வயதுக் குழந்தை பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "என்னுது!" என்று கத்தினால் போதும், சுற்றி இருக்கும் பெரியவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு, ஒரே சுயநலம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 'நான்' என்பதே அதற்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. குழந்தைக்குத் தெரியாமல் அதன் மூக்கில் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டால், கண்ணாடியை விட்டுவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் ஒன்றரை வயதுக்கு மேல்தான். 'நான்' வந்த பிறகுதானே 'என்னுது' வரும்?

"மத்த பிள்ளைங்களோட சேரவே மாட்டேங்குது" என்ற கவலையும் அப்படித்தான். அருகருகே உட்கார்ந்து அவரவர் ஆட்டம் ஆடுவதும் ஒரு வகை விளையாட்டு என்று குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே எழுதிவிட்டார். ஒன்று கட்டை அடுக்கும். மற்றது கண்டுகொள்ளாத மாதிரியே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் அடுக்க ஆரம்பிக்கும்.

இதே "சுயநலக்காரர்கள்" பற்றி உளவியல் ஆய்வாளர்கள் வார்னெக்கனும் தொமசெல்லோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் பொருளைக் கைதவறவிட்டு எட்ட முடியாமல் தவித்தபோது, 18 மாதக் குழந்தைகள் பல, கேட்காமலே எடுத்துக் கொடுத்தன. அவர் வேண்டுமென்றே எறிந்தபோது பெரும்பாலும் சட்டை செய்யவில்லை. என்ன கணக்கு பாருங்கள்!

சரி, வீட்டுக்கு வேறு குழந்தை வருகிறதா? உயிராக நினைக்கும் அந்த ஒரு பொம்மையை முன்கூட்டியே உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். பாதிச் சண்டை வராமலே போகும்.