பூனையும் பட்ஜெட்டும்

நேற்று இரவு கிளினிக்கை மூடிவிட்டு அடுத்த வருட பட்ஜெட் போட உட்கார்ந்தேன். மடியில் ஒரு பூனை. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரமாகிறது, அழைத்துப்போக இன்னும் யாரும் வரவில்லை. அதன் பெயரிலும் பாக்கி இருக்கிறது.

வாடகை, சம்பளம் எல்லாம் சுலபம், மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தொகைதான். கையைக் கடிப்பது மருந்து அலமாரி. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் ஃப்ரிட்ஜ் நின்றுபோய், மறுநாள் ஒரு தட்டு முழுக்கக் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து என் பட்ஜெட்டில் 'வீணாகும் மருந்து' என்று தனியாக ஒரு வரி உண்டு.

மயக்க மருந்தும் அப்படித்தான். 4 கிலோ நாய்க்குட்டிக்கு புரோபோஃபால் சுமார் 2 மில்லி போதும். குப்பியோ 20 மில்லி. கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத வகை என்றால் திறந்த குப்பியை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது. அதனால் சின்ன ஆபரேஷன்களை முடிந்தவரை ஒரே காலையில் வைத்துக்கொள்கிறேன்.

அப்புறம் எக்ஸ்ரே கருவிக் கடன். ஆடிட்டர் தாளில் லாபம் என்கிறார், வங்கியில் பார்த்தால் பணம் இல்லை! கடனின் அசல் தவணை செலவுக் கணக்கில் வராது, ஆனால் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். இது புரியவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. இப்போது பணம் வரும் நாளையும் போகும் நாளையும் வாரவாரியாகத் தனித் தாளில் எழுதுகிறேன்.

பூனை அந்தத் தாளின் மேல்தான் தூங்குகிறது.