மாட்டு மணியை ரகசியமாக வாங்க முடியாது

பழைய நாணயம் சேர்ப்பவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பூனை மாதிரி வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். சுவிட்சர்லாந்தில் மலைமாட்டு மணி சேர்ப்பவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டிராம் பிரேக் போடும்போதெல்லாம் பை 'டாங்' என்கிறது. முன்சீட்டுப் பாட்டி திரும்பி மாட்டைத் தேடுகிறார். சந்தைக்குப் போகும்போதே ஒரு தடித்த காலுறை கொண்டுபோங்கள். நாக்கில் மாட்டிவிட்டால் சத்தம் அடங்கும். (மணியின் நாக்கில்.)

வகை இரண்டு. வெண்கலத்தில் வார்த்தது ஒன்று: ஏறக்குறைய 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். மேல்வளையத்தைப் பிடித்துத் தூக்கி, விளிம்பை விரல்முட்டியால் தட்டுங்கள். ஓசை நீண்டு கரைய வேண்டும். 'கர்ர்' என்று சட்டென அடங்கினால் விரிசல், வைத்துவிட்டு நகருங்கள். இன்னொன்று இரும்புத் தகட்டை அடித்துச் செய்த ட்ரைக்கல். நல்ல ட்ரைக்கலே 'டொங்கு டொங்கு' என்றுதான் பேசும். அதில் தகட்டின் இணைப்பு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"நூறு வருஷத்துப் பொருள்" என்பார் விற்பவர். தோல்வாரில் தைத்த ஆண்டைக் காட்டுவார். வார் அறுந்தால் வேறு மாற்றுவது சகஜம், அதை நம்பி விலை பேசாதீர்கள். டார்ச்சை மணிக்குள் அடியுங்கள். நாக்கு மோதி மோதி எதிரெதிரே இரண்டு இடம் குழிந்து மினுங்கும். நாக்கு தொங்கும் கண்ணி ஒருபக்கம் தேய்ந்திருக்கும். அதுதான் மாடு கொடுத்த சான்றிதழ். உள்ளும் வெளியும் ஒரே சீரான கறுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். வயசை அமிலத்தில் ஊறவைத்து வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த ஆபத்து: விருந்தாளி வருகிறார் என்று யாராவது பாலிஷ் போட்டுப் பளிச்சென்று ஆக்கிவிடுவார்கள். அத்தோடு பழமையும் போச்சு, பாதி விலையும் போச்சு. பாலிஷ் டப்பாவை ஒளித்துவையுங்கள்.

வாரை மெதுவாக வளையுங்கள். செந்தூள் உதிர்ந்தால் தோல் உளுத்துவிட்டது, எண்ணெய் அதைக் காப்பாற்றாது. வறட்சி மட்டும் என்றால் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, தோலெண்ணெயை மெல்லிசாகத் தடவி ஒருநாள் விடுங்கள். ஆசைப்பட்டு ஊற்றினால் தோல் தொளதொளக்கும். வாரில் பதித்த பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சைக் களிம்பும் பூக்கும். களிம்பை எடுக்கப் பல்குத்தும் குச்சி போதும், கத்தி வேண்டாம்.

பெரிய மணி ஐந்து கிலோவைத் தாண்டும். பழைய வாரில் தொங்கவிட்டால் பக்கிள் துளையில் கிழியும். பாரத்தை அலமாரிப் பலகை தாங்கட்டும், வார் சும்மா அழகுக்குத் தொங்கட்டும்.

பெர்ன் மாநிலத்து ஆர்வாங்கனில் மணிச்சத்தம் பற்றிப் புகார் எழுந்தபோது, 2023 டிசம்பரில் ஊர்க்கூட்டம் பெருவாரியாக மணியின் பக்கம் வாக்களித்தது. அந்தச் சலுகை மாட்டுக்கு மட்டும். இரவு பத்துக்குமேல் மூன்றாம் மாடியில் ஓசை சோதிக்கும் சேகரிப்பாளருக்குப் பொருந்தாது.