நோட்டீஸ் பீரியடில் பிஎஃப் வேலையை முடித்துவிடுங்கள்

பேப்பர் போட்டாச்சு (ராஜினாமா கொடுத்தாச்சு), 90 நாள் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. கேடி-க்கு, அதாவது வேலையை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பதற்கு, எக்செல் ஷீட் போட்டு நாள் கணக்கு வைப்பவர்கள்கூட பிஎஃப்பை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு பழைய எச்ஆரிடமிருந்து பதில் வாங்குவது பெரும்பாடு.

முதலில் பெயர். நம்மூர் இனிஷியல்தான் இதில் பெரிய தலைவலி. ஆதாரில் 'செந்தில் எம்', பான் கார்டில் 'முருகேசன் செந்தில்', யுஏஎன்னில் (பிஎஃப்புக்கான உங்கள் நிரந்தர எண்) 'எம்.செந்தில்' என்று இருந்தால் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) தேறாது, கிளெய்ம் திரும்பி வரும். ஆதாரில் உள்ளபடியே மற்ற இரண்டையும் கொண்டுவந்துவிடுங்கள். யுஏஎன் 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கியது, ஆதாரோடு சரிபார்த்தது என்றால் பிஎஃப் போர்ட்டலில் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி ஒப்புதல் தர வேண்டும். இதை ரிலீவ் ஆவதற்குள் முடிக்கச் சொல்வது அதனால்தான்.

புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய யுஏஎன்னையே கொடுங்கள்.

அடுத்தது வெளியேறிய தேதி. 'சர்வீஸ் ஹிஸ்டரி'யில் அது காலியாக இருந்தால் பழைய கம்பெனி பிஎஃப்பைப் புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் நகராது. கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து 'மார்க் எக்ஸிட்' மூலம் நீங்களே பதியலாம். நிதானமாகப் பதியுங்கள், பிறகு மாற்றுவது சுலபமில்லை. சில கம்பெனிகள் கடைசி வேலை நாளுக்குப் பதில் செட்டில்மென்ட் தேதியைப் போட்டுவிடும். அது புது வேலையில் சேர்ந்த தேதியைத் தாண்டினால் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகக் காட்டும்.

டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யத்தைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. கம்பெனி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்கு மாதம் 1,250 ரூபாய், பென்ஷனுக்குப் போகிறது. அந்தப் பணம் கணக்கு மாறாது. சர்வீஸ் காலம்தான் மாறும். பென்ஷனுக்குத் தேவை 10 வருட சர்வீஸ். ஆகவே டிரான்ஸ்ஃபரோடு வரும் பழைய கணக்கு விவரத் தாளான அனெக்சர் கே-யில் பழைய கம்பெனியின் சர்வீஸ் முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000-க்கு மேல் பேசிக் சம்பளத்தோடு முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பென்ஷனே கிடையாது; அவர்கள் பாஸ்புக்கில் பென்ஷன் பிடித்தம் தெரிந்தால்தான் எச்ஆரிடம் கேட்க வேண்டும்.

மாற்றுவதற்குப் பதில் எடுத்துவிடலாமே என்று தோன்றும். மொத்த சர்வீஸ் 5 வருடத்துக்குள் என்றால் எடுக்கும் பணத்துக்கு வரி உண்டு. டிரான்ஸ்ஃபர் செய்தால் பழைய வருடங்களும் அந்த 5 வருடக் கணக்கில் சேரும்.